அருகம்புல்லின் இரண்டு தூக்கங்கள்

டிவியில் கோல்ஃப் ஆட்டம் வந்தால் நீங்கள் சேனலை மாற்றிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். ஒருவர் அடிப்பார், எல்லோரும் நடப்பார்கள், மறுபடி ஒருவர் அடிப்பார். அடுத்த முறை ஒரு நிமிடம் பொறுத்துக்கொண்டு, பந்தை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். கொடி நட்ட குழியைச் சுற்றி மழமழவென்று ஓர் இடம் தெரியும். அதற்குப் பெயர் 'கிரீன்'. அங்கே புல்லின் உயரம் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். ஸ்கேலை எடுத்து 3 மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். ஓர் அரிசியின் நீளம்கூடத் தேறாது.

வெயில் அதிகமான நாடுகளில் அந்தப் புல் பெரும்பாலும் என்ன புல் தெரியுமா? அருகம்புல். அல்லது அதன் கலப்பினம். புதுக்கோட்டையில் கவிநாடு கண்மாய்க் கரையில் ஆடு மேய்கிறதே, பிள்ளையார் சதுர்த்திக்குப் பறித்து மாலை கட்டுகிறோமே, அதே இனம்தான். தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். அமெரிக்காவில் 'பெர்முடா புல்' என்பார்கள்.

கண்மாய்க் கரையில் அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை. கோல்ஃப் மைதானத்திலோ அதைக் கவனிக்க ஆட்கள், இயந்திரங்கள், மோட்டார், மருந்து எல்லாம் வேண்டும். ஒரே புல்லுக்கு இரண்டு இடத்தில் ஏன் இப்படி இரண்டு வாழ்க்கை? கரையில் அது பருவத்துக்குத் தக்கபடி வாழ்கிறது. பருவம் மாறியதே புல்லுக்குத் தெரியக் கூடாது என்று மைதானக்காரர் பாடுபடுகிறார். அந்தப் பாடு என்ன என்று மாதவாரியாகப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். தினமும் ஒட்ட வெட்டினால் புல் ஏன் சாவதில்லை?

வெண்டைச் செடியின் நுனியைக் கிள்ளினால் அது உயரமாக வளர்வது நின்றுபோகும், பக்கத்தில்தான் கிளை வெடிக்கும். காரணம், வெண்டையின் வளர்முனை உச்சியில் இருக்கிறது. புல்லின் வளர்முனையோ அடியில், மண்ணை ஒட்டி ஒளிந்திருக்கிறது. இலையும் அடியிலிருந்துதான் மேலே தள்ளப்படுகிறது. ஆடு கடித்தாலும் மாடு கடித்தாலும் போவது பழைய நுனி மட்டுமே. மேயும் விலங்குகளோடு சேர்ந்தே கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்ததில் புல்லினம் பெற்ற வசதி இது. ஸ்காட்லாந்தின் கடலோர மணல்வெளிகளில் கோல்ஃப் தொடங்கிய காலத்தில் புல்லை வெட்ட இயந்திரம் கிடையாது. ஆடுகளும் முயல்களும் மேய்ந்து வைத்த இடத்தில்தான் ஆடினார்கள்.

இயந்திரம் பிறகு வந்தது, அதுவும் துணி ஆலையிலிருந்து. நெய்த கம்பளித் துணியின் மேல் பிசிறு பிசிறாக நிற்கும் நாரை ஒரே மட்டத்தில் சீவுவதற்கு இங்கிலாந்து ஆலைகளில் ஓர் உருளைக் கத்தி இருந்தது. எட்வின் பட்டிங் என்பவர் அதைப் பார்த்துவிட்டு, இதையே தரையில் உருட்டினால் என்ன என்று யோசித்தார். 1830-இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் கிரீனில் ஓடுவது அந்த உருளைக் கத்தி வகைதான். அது புல்லைக் கத்தரிக்கோல் போல நறுக்குகிறது. சுழலும் தகட்டு இயந்திரம் புல்லைப் பிய்க்கும். பிய்ந்த முனை பழுத்து நோய்க்கு வாசலாகிவிடும்.

ஆனாலும் வெட்டுவதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு முறைக்கு இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பார்கள் மைதானப் பராமரிப்பாளர்கள். இலைதான் சமையல்கட்டு. அதிகமாக வெட்டினால் வேருக்குப் போகும் உணவு குறைகிறது, வேர் மேலேயே நின்றுவிடுகிறது. வேர் மேலே நின்ற புல்லுக்கு அடுத்த வெயிலைத் தாங்க முடியாது. கரையில் இதே புல்லின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். கிரீனில் அவ்வளவு ஆழம் நினைத்துப் பார்க்க முடியாது. அருகுபோல் வேரோடி வாழ்க என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறவர்கள் கண்மாய்க் கரை அருகைத்தான் மனதில் வைத்திருப்பார்கள்.

3 மில்லிமீட்டரில் வெட்டியே ஆக வேண்டுமா என்றால், பந்து தடையில்லாமல் உருள வேண்டுமே. புல் உயர்ந்தால் உராய்வு கூடும். பந்து எவ்வளவு தூரம் உருள்கிறது என்று அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் 1935-இல் ஒரு சாய்வுக் கட்டை செய்தார். கட்டையிலிருந்து பந்து தானாக இறங்கி எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே அந்தக் கிரீனின் வேகம். இப்போது அது அலுமினியத்தில் வருகிறது. அட்டையை மடித்துச் சாய்த்து வைத்து, அதில் கோலிக்குண்டை உருட்டி, வீட்டு வாசலிலும் பள்ளி மைதானத்திலும் புல் தரையிலும் நீங்களே அளக்கலாம். செலவில்லாத கருவி.

காட்டு அருகம்புல் இவ்வளவு குட்டையாக வெட்டினால் தாங்காது. அதனால் ஒரு கலப்பினம் தேவைப்பட்டது. இங்கேதான் எனக்குப் பிடித்த கதை வருகிறது.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்று ஓர் ஊர். அங்கே கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி 1936-இலிருந்து புற்களை ஆராய்ந்தார். மாட்டுக்கு நல்ல தீவனப்புல் வேண்டும் என்பதற்காக முதலில் அருகம்புல்லைக் கையில் எடுத்தார். பிறகு நம் அருகை ஆப்பிரிக்காவின் மெல்லிய அருகு வகை ஒன்றோடு சேர்த்துப் பார்த்தார். 1956-இல் 'டிஃப்கிரீன்' வந்தது. 1965-இல் இன்னும் குட்டையான 'டிஃப்ட்வார்ஃப்' வந்தது. உலகத்தின் வெப்பப் பகுதிகளில் கிரீன் அமைப்பதையே இந்தப் புற்கள் மாற்றிவிட்டன.

இவற்றில் விதை கிடையாது. ஏன் என்பது சின்னக் கணக்குதான். நம் அருகின் செல்லில் 36 குரோமோசோம்கள். ஆப்பிரிக்க அருகில் 18. இரண்டும் பாதிப் பாதி கொடுத்தால் 18-உம் 9-உம் சேர்ந்து 27. விதை உண்டாக வேண்டுமானால் குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். 27-ஐ எப்படிச் சரிபாதியாக்குவது? முடியாது, எனவே விதையும் இல்லை. ஆகையால் ஓடுதண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு கணுவிலும் கீழே வேரும் மேலே தளிரும் வரும்.

அதே பர்ட்டன் கம்புப் பயிரையும் ஆராய்ந்தார். மகரந்தம் உண்டாகாத ஒரு கம்பு வகையை, டிஃப்ட் 23ஏ, உருவாக்கி இந்தியாவுக்குக் கொடுத்தார். தன் கதிரில் மகரந்தம் இல்லாததால் அது பக்கத்து வரிசைக் கம்பின் மகரந்தத்தை ஏற்றுத்தான் மணி பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிப்பதெல்லாம் கலப்பின விதை. அதைக் கொண்டு 1965-இல் இந்தியாவின் முதல் கலப்பினக் கம்பு எச்.பி.1 வெளிவந்தது. விளைச்சல் துள்ளியது. சில ஆண்டுகளில் அடிச்சாம்பல் நோய் வந்து வயல் வயலாகச் சாய்த்தது. எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு நோய்க்கு எல்லாமே மாட்டிக்கொள்ளும். கோல்ஃப் மைதானத்துக்கும் இதே ஆபத்துதான். ஒரே தண்டிலிருந்து பெருக்கிய புல் அத்தனையும் ஒரே புல்தானே.

சரி, சித்திரைக்கு வருவோம்.

கத்திரி வெயிலில் நெற்பயிர் தவிக்கும்போது அருகம்புல் உற்சாகமாக வளரும், ஈரம் மட்டும் இருந்தால். இலைக்குள் கார்பன்-டை-ஆக்சைடைப் பிடிக்கும் ஒரு நொதி இருக்கிறது. சூடு ஏறினால் அது அடிக்கடி தடுமாறி, கார்பன்-டை-ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். நெல்லுக்கு அந்த நஷ்டம் உண்டு. அருகம்புல், கம்பு, சோளம், கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் இந்த நொதிக்கு முன்னால் ஒரு 'பம்ப்' வைத்திருக்கின்றன. கார்பன்-டை-ஆக்சைடை முதலில் வேறோர் இடத்தில் பிடித்து, செறிவாக உள்ளே தள்ளிவிடும். நொதி தடுமாற இடமில்லை. இதற்கு சி4 முறை என்று பெயர். பம்ப் ஓடக் கூடுதல் ஆற்றல் வேண்டும், அதனால் நல்ல வெளிச்சம் வேண்டும். புளியமரத்தடியில் அருகம்புல் செழிக்காததற்கு நிழல் ஒரு பெரிய காரணம். கிரீனை மறைக்கும் கிளைகளை மைதானத்தில் கழிப்பதும் இதற்காகத்தான்.

ஈரம் இல்லாவிட்டால்? கரையில் இலை காய்ந்து பழுப்பாகும். செத்துப்போச்சு என்று நினைப்போம். சாகவில்லை. மண்ணுக்குள் கிடக்கும் தண்டிலும் கணுவிலும் உயிர் காத்திருக்கும். இது தாகத் தூக்கம். ஒரு கோடை மழை பெய்யட்டும், சில நாளிலேயே பச்சை எட்டிப் பார்க்கும்.

மைதானத்தில் தூங்க விடமாட்டார்கள். அதனால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். எவ்வளவு? ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். கோடையில் புல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகிப் போவதை நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். பெருக்கினால் 20,000 லிட்டர். 18 குழி உள்ள மைதானத்தில் 50 ஏக்கர் புல்லுக்குப் பாய்ச்சினால் ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் எத்தனை நடை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

புதுக்கோட்டையில் ஒரு கோல்ஃப் மைதானம் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், முதலில் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லுங்கள் என்பேன். இந்தியாவின் வறண்ட ஊர்களில் அந்தக் காலத்தில் இதற்கு எளிய வழி வைத்திருந்தார்கள். குழியைச் சுற்றிப் புல்லே வேண்டாம், மணலில் எண்ணெய் கலந்து இறுக்கி வைத்து ஆடினார்கள். கிரீனுக்குப் பதில் 'பிரவுன்'. இப்போது பல நாடுகளில் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புல்லுக்கு விடுகிறார்கள். அது எனக்கு ஏற்புடைய வழிதான்.

பாய்ச்சுவதும் விடியும் முன் பாய்ச்சுவார்கள். அப்போது காற்று அடங்கியிருக்கும், ஆவியாவது குறைவு. மாலையில் விட்டால் இலை இரவெல்லாம் நனைந்தே இருக்கும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆடிக் காற்றில் ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் பாதி பக்கத்துக் காட்டுக்குப் பறந்துவிடும். பங்கர் என்கிற மணல் பள்ளத்திலிருந்து மணலும் பறக்கும். ஆடி மாதத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கவலை தலைகீழாகிறது. சித்திரையில் தண்ணீர் இல்லை என்று வருத்தம், இப்போது தண்ணீர் வெளியேறவில்லை என்று வருத்தம். வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் அழுகும். நம் பக்கத்துச் செம்மண்ணை ஆள் மிதித்து, வண்டி ஏறி இறுக்கிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். அதற்காக மைதானத்தில் விரல் தடிமனுள்ள குழல்களால் தரையில் குத்திக் குத்தி மண்ணை உருவி எடுத்து, அந்தத் துளைகளில் மணல் நிரப்புவார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆடுகிறவர்கள் முணுமுணுப்பார்கள். புல்லுக்கு அது மூச்சுக்குழாய்.

நல்ல கிரீனை மண்ணிலேயே கட்டுவதில்லை. மணலில் கட்டுகிறார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் ஒரு முறையை வெளியிட்டது. அடியில் 10 சென்டிமீட்டர் சரளைக்கல், அதன் மேல் சுமார் 30 சென்டிமீட்டர் மணல் கலவை. அடமழை பெய்தால் தண்ணீர் மணல் வழியே வேகமாக இறங்கி, சரளைக்குள் புகுந்து, குழாய் வழியே வெளியேறிவிடும். மணலில் ஈரமே தங்காதே, வெயிலில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு ஸ்பாஞ்சை எடுங்கள், பாத்திரம் கழுவுவது போதும். தண்ணீரில் நன்றாக முக்கி, படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். நின்றதா? இப்போது, பிழியாமல், ஸ்பாஞ்சை மெதுவாகச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் ஒழுகும்! சிறிய துளைகள் தண்ணீரைத் தம் ஈர்ப்பால் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடி ஓரளவு உயரத்துக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் தண்ணீரின் எடை ஜெயித்துவிடும். படுத்த ஸ்பாஞ்சின் உயரம் குறைவு, அதனால் நிறையத் தங்கியது. நிமிர்ந்ததும் உயரம் கூடிப் பிடி தளர்ந்தது. கிரீனிலும் இதுதான். மணலின் துளை சிறியது, கீழே சரளையின் துளை பெரியது. பெரிய துளையால் மணலிலிருந்து தண்ணீரை இழுக்க முடியாது. எனவே மணலின் அடிப்பகுதியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தொங்கிக்கொண்டு நிற்கும். மேலே வேருக்குக் காற்று, கீழே வேருக்கு ஈரம். 30 சென்டிமீட்டர் என்ற அளவை இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வைத்தார்கள்.

மழையோடு கோரை வரும். உங்கள் அப்பா அம்மாவுக்கு அதைத் தெரியும், அவர்கள் கோரையைத் திட்டாத விவசாயம் இல்லை. தண்டை இரண்டு விரலில் உருட்டிப் பாருங்கள். மூன்று முனை தட்டுப்பட்டால் கோரை, உருண்டு போனால் புல். கோரையைப் பிடுங்கினால் தண்டு கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே நிற்கும். தலைக்கிழங்கு போனால் அதுவரை உறங்கிய பக்கத்துக் கிழங்குகள் முளைக்கும். கோடி ரூபாய் மைதானத்திலும் நம் வயலிலும் எதிரி ஒருவன்தான்.

புயல் வந்தால் புல்லுக்கு ஒன்றும் ஆகாது, மரத்துக்குத்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னைகள் எப்படிச் சாய்ந்தன என்று வீட்டில் கேளுங்கள். அன்றைக்கும் கண்மாய்க் கரையில் அருகு இருந்த இடத்தில் அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கும்.

சென்னையில் இன்னொரு விதமாக மழையும் கோல்ஃபும் சந்தித்தன. கிண்டியில் குதிரைப் பந்தய ஓடுபாதையின் நடுவே நெடுங்காலமாக ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பந்தயத் திடலின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கரை எடுத்துக்கொண்டது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளத்தைக் குறைப்பதற்காக அந்த நிலத்தில் குளங்கள் வெட்டினார்கள். ஆடுகிறவர்களுக்கு வருத்தம் இருக்கும். ஆயிரக்கணக்கான கண்மாய்கள் உள்ள மாவட்டத்தில் வாழும் நமக்குக் குளத்தின் பக்கம்தான் மனம் சாயும்.

மார்கழியில் அதிகாலை கோலம் போட எழுந்தால் புல்நுனியைப் பாருங்கள். இலை முழுவதும் பொடிப் பொடியாக இருப்பது பனி, காற்றிலிருந்து வந்தது. நுனியில் மட்டும் ஒற்றைச் சொட்டாக நிற்பது பெரும்பாலும் பனி அல்ல. இரவில் வேர் மேலே தள்ளிய நீர் இலை நுனித் துளை வழியே கசிந்தது. அதில் கொஞ்சம் சர்க்கரையும் உப்பும் உண்டு, பூஞ்சைக்கு அது விருந்து. அதனால் நீளமான மூங்கில் கம்பை வீசியோ கயிற்றை இழுத்தோ விடியற்காலையிலேயே கிரீனின் சொட்டுகளைத் தட்டிவிடுவார்கள். மருந்தில்லாத வைத்தியம்!

புதுக்கோட்டையில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்கு அருகில்தான் இருக்கும். அருகம்புல் கொஞ்சம் சோம்பல்படும், அவ்வளவே. டெல்லியில் அப்படியில்லை. மண்ணின் வெப்பம் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் புல் பழுப்பாகிவிடும். இது இரண்டாவது தூக்கம், குளிர்த் தூக்கம். தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் எழாது. அமெரிக்காவில் அகஸ்டா என்ற புகழ்பெற்ற மைதானத்தில் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள். குளிர் தொடங்கும் முன் அருகின் மேலேயே குளிரைத் தாங்கும் ரைப்புல் விதையைத் தூவிவிடுவார்கள். ஏப்ரலில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் டிவியில் பளபளக்கிறதே ஆடுபாதை, அது ரைப்புல். அருகு அதன் அடியில் படுத்திருக்கிறது. வெயில் ஏறியதும் ரைப்புல் கருகும், அருகு எழும், கோடை முழுக்க மைதானத்தை மூடிவைத்து அதைத் தேற்றுவார்கள். நம் ஊரில் ஈரமில்லாத வெயிலில் தூங்கும் புல், அங்கே வெயில் வந்தால் விழிக்கிறது.

நீங்கள் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். மூன்று கொட்டாங்குச்சிகளில் அடியில் துளையிட்டு ஒரே மண்ணை நிரப்புங்கள். அருகம்புல் ஓடுதண்டில் ஒரே நீளத் துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் இரண்டு கணு இருக்கும்படி வெட்டி, கொட்டாங்குச்சிக்கு மூன்று நடுங்கள். வெயிலில் வைத்து ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். புல் ஒரு விரல் உயரம் வந்ததும் ஒன்றைத் தொடாதீர்கள். இரண்டாவதில் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். மூன்றாவதை ஒவ்வொரு வாரமும் மண்ணோடு ஒட்ட வெட்டுங்கள். ஆறு வாரம் கழித்து மூன்றையும் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, வேர் அறுபடாமல் மண்ணை அலசி, மிக நீளமான வேரை ஸ்கேலில் அளந்து பாருங்கள். தாளில் மூன்று கோடாக வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள். எந்த மாதம் நட்டீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். சித்திரையில் நட்டவருக்கும் மார்கழியில் நட்டவருக்கும் ஒரே விடை வராது.